ஐம்பத்திரண்டாம் மேடு

அலுவலகத்தில் அவளுக்குச் சி.ஐ.டி. அக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. பால் பாக்கெட் வாங்கினால் தேதியைப் பார்ப்பாள், பிறகு முகர்ந்தும் பார்ப்பாள். இஸ்திரிக்குப் போய் வந்த சட்டையில் பொத்தான்களை எண்ணுவாள். வீட்டைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போனபின், "எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடுறேன்" என்று திரும்பி வருவாள். அவள் கணவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். "இருபத்தாறு வருஷமா என்னையும் வாரம் ஒரு தடவை இழுத்துத்தான் பாக்கிறா, பூட்டு சரியா விழுந்திருக்கான்னு" என்று தன் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் குணம் தொழிலுக்கு உதவியாகவே இருந்தது. இருபது வயதில் நில அளவை அலுவலகத்தில் படம் பிரதியெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். மெழுகு பூசிய துணியை மூலப்படத்தின் மேல் விரித்து, மைப்பேனாவால் கோட்டின் மேல் கோடாக இழுக்க வேண்டும். ஒரு வாய்க்காலை ஒரு மயிரிழை தள்ளிப் போட்டால் இரண்டு குடும்பம் பரம்பரைக்கும் அடித்துக்கொள்ளும். கணினி வந்ததும் பிரதியெடுக்கும் மேசைகளைத் தூக்கிப் போட்டார்கள். கூட இருந்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். அவள் நாற்பத்து நாலு வயதில், பிள்ளைகள் வயதுள்ளவர்களோடு உட்கார்ந்து வரைபட மென்பொருள் படித்தாள். தொல்லியல் துறை ஆள் தேடியபோது ஒப்பந்த வேலைக்கு அவளை எடுத்துக்கொண்டது.

அங்கே அவள் செய்தது இதுதான். நூறு வருஷத்துக்கு முந்திய அளவைப் படங்களை ஸ்கேன் செய்து, செயற்கைக்கோள் எடுத்த படத்தின் மேல் பொருத்த வேண்டும். பழைய படத்தில் உள்ள கிணறும் இன்றைக்கு உள்ள கிணறும் ஒன்றுதானா என்று முடிவு செய்து, இரண்டையும் ஒரே ஊசியில் குத்தி வைக்க வேண்டும். இப்படிப் பதினைந்து ஊசி குத்தினால் மக்கிப்போன காகிதம் இழுபட்டு நெளிந்து இன்றைய பூமியின் மேல் வந்து உட்காரும். உட்கார்ந்ததும் எங்கே காடு இருந்தது, எந்தப் பாதை அழிந்தது, எந்த இடத்தில் "பழைய மேடுகள்" என்று எவனோ ஒரு அளவையாளன் பொடி எழுத்தில் எழுதிவிட்டுப் போனான் என்பதெல்லாம் தெரியவரும்.

அப்படி அகப்பட்டதுதான் வறண்ட ஆற்றங்கரையில் இருந்த புதைமேடுகள். டிரோன் ஓட்டுகிற ஆள் வந்து மேலே பறக்கவிட்டான். ஒல்லியாக, எப்போதும் அண்ணாந்தே நடப்பவன். பருந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் கொண்டுவந்த உயரக் கணக்கைக் கணினியில் நிழலிட்டுப் பார்த்தால், தரையில் நின்றால் கண்ணுக்கே தெரியாத முழ உயர மேடுகள் அம்மைத் தழும்பு மாதிரி எழுந்து நின்றன. நாற்பத்தெட்டு. ஒவ்வொன்றின் அடியிலும் பெரிய மண் தாழி, தாழிக்குள் எலும்பும் பாசிமணியும் இருக்கலாம். அவள் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, அட்சரேகை தீர்க்கரேகையைத் தசமத்துக்கு அப்புறம் ஐந்து இலக்கம் வரை குறித்தாள். ஐந்தாவது இலக்கம் என்பது ஒரு காலடி தூரம். அந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவன் கண்ணைக் கட்டிக்கொண்டு போனாலும் மேட்டின் மேல் நிற்கலாம்.

அதனால்தான் அவளுக்குப் பயம். துறைக்கு ஒரு இணையப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதில் ஒரு படமும் நாலு வரியும் போட வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. அவள் தகராறே செய்தாள். "ஊர் பேரு வேண்டாம் சார். ஆத்தங்கரைன்னுகூடப் போட வேண்டாம். படம் மட்டும் போடுவோம்." இயக்குநர் ஒப்புக்கொண்டார். படத்தை ஏற்றும் வேலையையும், வேறு யாரையும் நம்ப மாட்டாள் என்பதால், அவளிடமே விட்டுவிட்டார். ஒவ்வொரு வரியையும் மூன்று முறை வாசித்துத்தான் அவள் ஏற்றுவாள். சில படங்கள் பெரிய கேமராவில் எடுத்தவை; அவசரத்துக்குத் துறையின் போனில் எடுத்தவை சில. அந்தப் போனில் இடம் காட்டும் வசதியை எப்போதும் திறந்து வைக்கச் சொன்னதும் அவள்தான். அப்படி எடுத்தால் படம் தானாகவே வரைபடத்தில் தன் இடத்தில் போய் உட்காரும், குறிப்பெழுதும் வேலை மிச்சம்.

முதலில் தோண்டப்பட்டது பதினேழாம் மேடு. குழு போய்ப் பார்த்துவிட்டு வந்த பன்னிரண்டாம் நாள், மேட்டின் நட்டநடுவே ஆளுயரக் குழி. தாழி மூன்று துண்டாகக் கிடந்தது. உள்ளே எதுவும் இல்லை. பிறகு இருபத்து மூன்று. பிறகு முப்பத்தொன்று. மற்ற மேடுகளில் ஒரு மண்வெட்டி பட்ட அடையாளம்கூட இல்லை.

அவளுக்கு மூக்கில் வியர்த்தது. திருடன் தேடவில்லை, தெரிந்துகொண்டு வருகிறான். சுற்றிலும் ஒரு தப்புக் குழிகூட இல்லையே! அப்படியென்றால் சொன்னவன் உள்ளே இருக்கிறான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். பார்வை போய் நின்றது ஜீப் டிரைவர் மேல். ஐம்பது வயது மனிதர். எருமை குறுக்கே படுத்திருந்தாலும் ஹார்ன் அடிக்காமல் இறங்கிப் போய் எழுப்புவார். அதனால் அவருக்கு ஹார்ன் அண்ணன் என்று பெயர். அவர் முந்தின நாளே, "நாளைக்கு எந்தப் பக்கம்மா?" என்று கேட்பார். முன்பு அது டீசலுக்காகக் கேட்கிற கேள்வியாகத் தெரிந்தது. இப்போது வேறு மாதிரி கேட்டது. ஜீப்பின் பின்னால் ஒரு மண்வெட்டி இருந்தது. ஒரு திங்கட்கிழமை டயரில் செம்மண் அப்பியிருந்தது. இரண்டு நாள் விடுமுறையில் வண்டி எங்கே போனது? எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, பழைய சாமான் கடை வைத்திருந்தான். பித்தளை, செம்பு, பழைய நாணயம், உடைந்த கடிகாரம்.

இயக்குநரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். செம்மண்ணைச் சொன்னபோது இயக்குநர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினார்.

"நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"நேர்ல பாத்தேன்னு சொல்லல சார். ஆனா எல்லாம் அங்கதான் போய் முடியுது."

அந்த வாரமே போலீஸ் பழைய சாமான் கடையைப் புரட்டிப் போட்டது. எதுவும் அகப்படவில்லை. என்றாலும் ஹார்ன் அண்ணனை ஜீப்பிலிருந்து எடுத்து, துறையின் தண்ணீர் லாரிக்கு மாற்றினார்கள். அவர் சாவியைக் கொடுக்க வந்தபோது அவள் கணினித் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

பிறகு ஒரு மாதம் மழை. யாரும் வெளியே போகவில்லை. இணையப் பக்கத்தில் படமும் போடவில்லை. ஒரு மேடுகூடத் தோண்டப்படவில்லை. "பாத்தியா?" என்றாள் கணவரிடம். "ஆளை மாத்தினதும் நின்னுபோச்சு."

"மழைல திருடனுக்கும் சளி பிடிக்கும்ல" என்றார் அவர்.

மழை விட்டது, குழு போனது, நாற்பத்து நாலாம் மேடு தோண்டப்பட்டது.

அன்றைக்கு அவளால் உட்கார முடியவில்லை. ஹார்ன் அண்ணன் இருந்தது இருபது மைல் தள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டிப் பக்கம். அவரைப் பற்றி நினைக்க வேண்டிய இடத்தில் அவள் வேறு யாரையாவது நினைத்தாள். பருந்து? அவன் வைத்திருக்கும் உயரக் கணக்கில் எல்லா மேடும் இருக்கிறது. புது டிரைவர்? வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லார் பெயரும் தெரிந்து வைத்திருக்கிறான். இயக்குநரே? பெரிய மனுஷன் செய்யமாட்டான் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

மூன்று பொய் மேடுகளைச் செய்தாள். ஒன்றுமே இல்லாத கட்டாந்தரையில் மூன்று இடம் தேர்ந்தெடுத்து, மூன்றுக்கும் எண் கொடுத்து, "நிச்சயம் தாழி உண்டு" என்று குறிப்பும் எழுதினாள். பருந்துக்குக் கொடுத்த பிரதியில் ஒன்று. இயக்குநருக்கு அனுப்பியதில் ஒன்று. புது டிரைவரிடம் கொடுத்த வழிப்படத்தில் ஒன்று. எந்த இடத்தில் குழி விழுகிறதோ, அந்த ஆள்தான். இவ்வளவு வருஷத்தில் தெரிந்தே தப்பாக ஒரு புள்ளி வைத்தது அதுதான் முதல் தடவை. கை கூசியது. வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மூன்றையும் பார்க்கப் போனாள். ஆட்டுப் புழுக்கையைத் தவிர எதுவும் இல்லை. திரும்புகிற வழியில், சாலையிலிருந்து முந்நூறு அடி உள்ளே, புதருக்குப் பின்னால் மண் கொஞ்சம் புடைத்திருப்பது அவள் கண்ணில் பட்டது.

"நீங்க இங்கயே இருங்க. வந்துடுறேன்."

"முள்ளு பாத்துப் போ" என்றார் அவர். ஸ்கூட்டரை நிறுத்திச் செய்தித்தாளை விரித்தார்.

மழை மண்ணை அரித்துத் தாழியின் விளிம்பு பிறைபோலத் தெரிந்தது. துறையின் போனில் ஒரு படம் எடுத்தாள். அந்த மேட்டைக் கணினியில் ஏற்றவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கைப்பையில் இருந்த குறிப்பேட்டில் ஐம்பத்திரண்டு என்று மட்டும் எழுதினாள். மறுநாள் திங்கள்; ஜீப் பட்டறையில் கிடந்ததால் அந்த வாரத்துக்குப் புதுப் படம் இல்லை. அந்த விளிம்புப் படத்தையே இணையப் பக்கத்தில் போட்டாள். வெறும் மண்ணும் ஓட்டு விளிம்பும். அதைப் பார்த்து யார் என்ன கண்டுபிடிக்க முடியும்?

பதினோராம் நாள் குழுவோடு அந்த வழியாகப் போனபோது, காலாற நடக்க வேண்டும் என்று சொல்லி ஜீப்பை நிறுத்தி இறங்கினாள். மூன்று பொய் இடங்களும் அப்படியே இருந்தன. ஐம்பத்திரண்டாம் மேட்டில் ஆளுயரக் குழி.

பருந்துக்குத் தெரியாது. இயக்குநருக்குத் தெரியாது. கணினிக்கே தெரியாது. தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒன்று அவள். இன்னொன்று சாலையில் ஸ்கூட்டரோடு நின்ற மனிதர்.

இருபத்தாறு வருஷத்தில் கணவரைப் பற்றி எத்தனையோ சில்லறைச் சந்தேகங்கள் வந்து போயிருக்கின்றன. மறைத்து சிகரெட் பிடிக்கிறாரா, தங்கைக்கு ரகசியமாக ஏதாவது வாங்கிக் கொடுக்கிறாரா என்று. இது அப்படியில்லை. சாப்பிடுகிறவரைப் பார்த்தாள், செருப்பு மாட்டுகிறவரைப் பார்த்தாள். டெப்போவில் பழைய இரும்பு வாங்க வருகிறவர்களோடு அவர் சிரித்துப் பேசுவது ஞாபகம் வந்தது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. "என்ன, உடம்புக்கு முடியலையா?" என்று அவர் நெற்றியில் கை வைத்தபோது விலகிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை அவர் குளிக்கப் போனார். அவர் போன் சாப்பாட்டு மேசையில் இருந்தது. எடுத்தாள். படங்கள் வைத்திருக்கும் இடத்தைத் திறந்தாள்.

பதினேழு. இருபத்து மூன்று. முப்பத்தொன்று. நாற்பத்து நாலு. ஐம்பத்திரண்டு. வரிசையாக இருந்தன. ஒன்றை மேலே தள்ளினால் அடியில் சின்ன வரைபடம் வந்தது. அதில் ஒரு சிவப்பு ஊசி. ஆற்றங்கரை, புதர், சாலை எல்லாம் சுத்தமாகத் தெரிந்தன. படம் யாருடையது என்று அவள் நிதானித்துப் பார்க்கவில்லை; ஒவ்வொரு மேட்டுக்கும் போய் நின்று படம் எடுத்திருக்கிறார் என்று ஊசியே சாட்சி சொன்னது.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவள் போனை நீட்டியபடி நின்றாள்.

"இது என்ன?"

"எது?"

"எத்தனை நாளா நடக்குது? ஏன் இப்படிச் செஞ்சீங்க? நான் என்ன குறை வச்சேன் உங்களுக்கு?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சிரிக்கப் போனவர், அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"ஏம்மா, இதெல்லாம் நீ போட்ட படம். உன் ஆபீஸ் பக்கத்துல திங்கட்கிழமை திங்கட்கிழமை போடுவல்ல? அதத்தான் எடுத்து வச்சேன். என் தங்கச்சிக்கு, டெப்போ ஆளுங்களுக்கெல்லாம் அனுப்புவேன். எங்க வீட்டம்மா கண்டுபிடிச்சதுன்னு."

"பொய் சொல்லாதீங்க. கீழ இடம் காட்டுதே. அங்க போகாம எப்படிக் காட்டும்?"

"எனக்கென்ன தெரியும்? படத்தோட அதுவும் சேந்துதான் வந்துச்சு." அவர் குரல் இறங்கியது. "நான் தோண்டினேன்னு நினைச்சியா?"

அவள் தன் போனை எடுத்தாள். துறையின் பக்கத்துக்குப் போனாள். ஐம்பத்திரண்டாம் மேட்டின் படத்தை இறக்கினாள். மேலே தள்ளினாள். சிவப்பு ஊசி வந்து நின்றது. அடியில் ஐந்து இலக்கத்தோடு இரண்டு எண்கள்.

நாற்பத்து நாலாம் மேட்டின் படத்தையும் இறக்கினாள். அதிலும் ஊசி.

போனில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எடுக்கப்பட்ட இடம் எழுதப்பட்டிருந்தது. எழுதச் சொன்னது அவள். வரைபடத்தில் தானாகப் போய் உட்கார வேண்டும் என்று அவள் கேட்ட அதே எண், ஊர் பெயரைக்கூட மறைத்த அந்தப் பக்கத்தில், படத்தின் மடியில் பத்திரமாக ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அலுவலகத்துக்கு ஓடிப்போய் எல்லாப் படத்தையும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தாள். பெரிய கேமராவில் எடுத்ததில் ஊசி இல்லை; அந்த மேடுகள் பத்திரமாக இருந்தன. போனில் எடுத்தது ஐந்து. தோண்டப்பட்டதும் அதே ஐந்து. அந்தப் படங்களைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டு இயக்குநரின் அறைக்குப் போனாள்.

அவர் முழுவதும் கேட்டார். "சரி, எடுத்துட்டீங்கல்ல? அதோட விடுங்க. எழுத்துல ஒண்ணும் குடுக்க வேண்டாம்."

"டிரைவர் விஷயம் சார்?"

"அவர் தண்ணி லாரில நல்லாத்தானே இருக்காரு. இப்பப் போய்க் கிளறினா கேள்வி உங்களோட நிக்காது, எனக்கும் வரும்."

அந்தப் பதில் அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் தன் மூக்கின் மேலேயே அப்போது அவளுக்கு நம்பிக்கை இல்லை. பஸ் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள்.

ஹார்ன் அண்ணன் லாரியின் மேல் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார், இறங்கவில்லை. அவள் கீழே நின்று, தண்ணீர் விழுகிற இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, ஒன்று விடாமல் சொன்னாள். கத்திச் சொல்ல வேண்டியிருந்ததால் பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் கேட்டார்கள். தொட்டி நிரம்பியதும் அவர் குழாயை மூடிவிட்டு இறங்கினார்.

"டயர்ல செம்மண்ணுன்னு சொன்னீங்களாமே?"

"ஆமாண்ணே."

"சார் வீட்டு ஆளுங்கள லீவுக்கு மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆபீஸ் ஜீப்புலதான். அவருக்குத் தெரியாதா? நீங்க சொல்லும்போது வாயே தொறக்கல." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும். தப்புத்தான்."

"உங்க மேல கோவம் இல்லன்னு சொன்னா அது பொய். எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? என் மச்சான் கடையத் தலைகீழாக் கொட்டினாங்க, தெருவே நின்னு பாத்துச்சு. அன்னியிலேர்ந்து அவன் அவங்க அக்காவோட பேசல. என்னாலதானாம். போய் அவன்கிட்டச் சொல்லுங்க."

அன்று மாலைக்குள் அவள் அறிக்கையை எழுதி, இயக்குநரைத் தாண்டித் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பினாள். ஐந்து படங்கள், அவற்றை ஏற்றிய தேதிகள், ஏற்றியவள் பெயர். அவள் வைத்த மூன்று பொய் மேடுகளும் அதில் இருந்தன. விட்டால் நாளைக்கு எவனாவது அவற்றையும் சேர்த்துச் சரித்திரம் எழுதிவிடுவான். கடைசியில் ஒரு வரி: டயர்ச் செம்மண் பற்றி இயக்குநரைக் கேட்கவும்.

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆறு மாதம் இணையப் பக்கத்தைத் தொடக்கூடாது என்றார்கள். இயக்குநரைக் கேட்டார்களா என்பது தெரியவில்லை. அவர் தன் அறையில் அப்படியே இருந்தார், அவளைக் கண்டால் மட்டும் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். ஹார்ன் அண்ணனுக்கு ஜீப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். தோண்டியவர்கள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு குழி மட்டும் விழவில்லை.

வீட்டில் கணவர் சண்டை எதுவும் போடவில்லை. போனின் பூட்டை எடுத்துவிட்டு, தினமும் சாப்பாட்டு மேசையில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் திறந்தபடியே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பேசி மன்னிப்புக் கேட்பதைவிட அந்தப் போனைப் பார்க்காமல் சாப்பிடுவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்று வாரம் அப்படி நடந்தது. நாலாவது வாரம் போன் அவர் சட்டைப் பைக்குத் திரும்பிப் போனது. மேடுகளின் படங்களைத் தங்கைக்கு அனுப்புவதை மட்டும் அவர் மறுபடி ஆரம்பிக்கவில்லை.

பழைய சாமான் கடைக்கு அவள் துறையின் தாளில் ஒரு கடிதத்தோடு போனாள். இந்தக் கடைக்கும் திருட்டுக்கும் சம்பந்தமில்லை, தவறு எங்களுடையது என்று எழுதியிருந்தது. டிரைவரின் மச்சான் கல்லாவில் உட்கார்ந்தபடி அதை வாங்கினான். முன்னும் பின்னும் திருப்பினான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான்.

"இத நீங்களே அடிச்சீங்களா?"

"இல்லப்பா, ஆபீஸ் கடிதம்தான்."

"சீல் இல்லையே."

மறுநாள் முத்திரையோடு போனாள். அவன் முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தான். கடிதத்தில் இருந்த தொலைபேசி எண்ணை நம்பாமல், வேறு எங்கோ எண்ணைத் தேடி எடுத்துத் துறைக்கு அடித்தான். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். "உக்காருங்க" என்று அவன் சொல்லவில்லை. அவள் உடைந்த கடிகாரங்களுக்கும் செம்புப் பானைகளுக்கும் நடுவே அரைமணி நேரம் நின்றாள். ஒரு தடவைகூட அவனை அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் யாரோ ஆமாம் என்றார்கள். அவன் போனை வைத்தான். கடிதத்தை இன்னொரு முறை வாசித்தான். எழுந்து, பசை எடுத்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி கண்ணாடிக் கதவில் ஒட்டினான். பிறகு மறுபடி போனை எடுத்து வேறு எண்ணை அழுத்தினான். அவள் படியிறங்கும்போது அவன் குரல் பின்னால் கேட்டது.

"அக்கா? நான்தான்."